பார்க்க ஒரு விமானம், உட்கார இன்னொரு விமானம்

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் தென்கிழக்கு மூலையில் மர்ட்டில் அவென்யூ என்றொரு சின்னத் தெரு இருக்கிறது. பிக்காடில்லி லைன் ரயிலில் ஹாட்டன் கிராஸ் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். தெரு முடியும் இடத்தில் ஒரு புல்வெளி. மேற்குக் காற்று வீசும் நாட்களில், அதாவது ஆண்டின் பெரும்பகுதியில், தெற்கு ஓடுபாதையில் இறங்கும் விமானங்கள் அந்தப் புல்வெளிக்குப் பக்கத்தில் வீட்டுக் கூரைகளை ஒட்டித் தாழ்ந்து வரும். அந்த நாட்களில் இறங்கும் ஓடுபாதையைப் பிற்பகல் மூன்று மணிக்கு மாற்றிவிடுவார்கள். எந்த வாரம் காலையில் தெற்கு, எந்த வாரம் மாலையில் தெற்கு என்று முன்கூட்டியே அட்டவணை வெளியிடுகிறார்கள். அதைப் பார்க்காமல் கிளம்பினால், வடக்கு ஓடுபாதையில் தொலைவில் இறங்கும் வால்களை எண்ணிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

அந்தப் புல்வெளியில் கேமராவோடு நிற்பவர்களிடம் எந்த விமானம் பிடிக்கும் என்று கேட்டால் ஒரு வரிசை கிடைக்கும். பன்னிரண்டு மணி நேரம் எகானமியில் உட்கார எதைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று கேட்டால் அந்த வரிசை ஏறக்குறைய தலைகீழாகிவிடும். நானும் அப்படித்தான். பெரிய என்ஜின், நீண்ட உடல், வளைந்த இறக்கை என்று வெளியே நின்று ரசிக்கும் எதுவும் உள்ளே இருப்பவரின் தோளுக்கும் முழங்காலுக்கும் ஒரு அங்குலம்கூட இடம் தருவதில்லை. கட்டணம் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்து, எந்த விமானம் என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் இருந்தால் என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

போட்டியில் நான்கு விமானங்கள்: போயிங் 777-300ஈஆர், போயிங் 787, ஏர்பஸ் ஏ350, ஏர்பஸ் ஏ380. பிரிட்டிஷ் ஏர்வேஸ் இந்த நான்கு வகைகளையும் ஓட்டுவதால் ஹீத்ரோவில் ஒரே நிறத்தில், ஒரே வால் சின்னத்தோடு நான்கையும் அடுத்தடுத்துப் பார்த்து ஒப்பிடலாம்.

777-இல் தொடங்குகிறேன், ஏனென்றால் என் கேமரா அதற்குத்தான் அதிகம் திரும்புகிறது. 300ஈஆர் 73.9 மீட்டர் நீளம். இரண்டே என்ஜின்கள். ஆனால் அந்த ஜிஈ90-115பி ஒவ்வொன்றின் விசிறியும் 3.25 மீட்டர் விட்டம். கூட்டோடு சேர்த்தால் ஏறக்குறைய ஒரு போயிங் 737-இன் உடல் அகலம் வந்துவிடும். ஒவ்வொன்றும் 1,15,000 பவுண்டு உந்துவிசை தருவதாக மதிப்பிடப்பட்டது. 2002-இல் நடந்த சோதனையில் 1,27,900 பவுண்டைத் தொட்டுச் சாதனையும் படைத்தது. தூரத்திலிருந்து 777-ஐ அடையாளம் காண மூன்று வழிகள் உண்டு. இறக்கைக்கு அடியில் இருபுறமும் ஆறு ஆறு சக்கரங்கள். கூராக முடியாமல் பக்கவாட்டில் தட்டையாகி, நுனி வெட்டப்பட்டது போல் முடியும் வால்முனை. பின்னோக்கிச் சரிந்து மெலியும் இறக்கை நுனி. மேலே மடங்கிய நுனிச்சிறகு இதற்குக் கிடையாது. புறப்படும்போது இந்த விமானம் எழுப்பும் அடித்தொண்டை உறுமலுக்கு ஈடான சத்தம் இன்றைய வானத்தில் வேறில்லை என்பது என் கட்சி.

உள்ளே போனால் கதை வேறு. 1990-களில் 777-ஐ வடிவமைத்தபோது எகானமியில் வரிசைக்கு ஒன்பது பேர் என்பதே பொதுவான கணக்கு. பிறகு எமிரேட்ஸ் போன்ற நிறுவனங்கள் அதே அகலத்தில் பத்தாவது இருக்கையை நுழைத்தன. மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். இன்று பறக்கும் 300ஈஆர்களில் பெரும்பாலானவை 3-4-3 தான், அதாவது இரண்டு ஜன்னலோரமும் மூன்று மூன்று இருக்கை, நடைபாதைகளுக்கு நடுவில் நான்கு. பிரிட்டிஷ் ஏர்வேஸும் அப்படித்தான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 3-3-3 என்ற பழைய ஏற்பாட்டை விடாமல் வைத்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே விமானம். தோளுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போடலாம். விமானத்தின் உள் அகலத்தை ஒரு வரிசையில் உட்காருபவர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். நடைபாதைகளும் இதில் அடங்கிவிடுவதால் இது துல்லியமான இருக்கை அகலம் ஆகாது. ஆனாலும் நெரிசலின் அளவைச் சொல்லிவிடும். 777-இன் உள் அகலம் ஏறக்குறைய 5.87 மீட்டர், பத்துப் பேருக்கு வகுத்தால் தலைக்கு 58.7 சென்டிமீட்டர், ஒன்பது பேருக்கு என்றால் 65. 787-இன் உள் அகலம் 5.49 மீட்டர், ஒன்பது பேர், தலைக்கு 61. ஏ350-க்கு 5.61 மீட்டர், ஒன்பது பேர், 62. ஏ380-இன் கீழ்த் தளம் 6.5 மீட்டர், பத்துப் பேர், 65. அதே ஏ380-இன் மேல் தளம் 5.8 மீட்டர், வரிசைக்கு எட்டே பேர், 72 சென்டிமீட்டருக்கும் மேல். இருக்கைகளை அளந்தாலும் இதே வரிசைதான் வரும்: பத்துப் பேர் உட்காரும் 777-இல் 17 அங்குலம், 787-இல் அதைவிட ஒரு மயிரிழை அதிகம், ஏ350-இலும் ஏ380-இலும் 18 அங்குலம் அல்லது அதற்குச் சற்று மேல். ஒரு அங்குலம்தானே என்று தோன்றும். நடு இருக்கையில் உட்கார்ந்து, இரண்டு பக்கத்துக்காரர்களும் தூங்கிவிட்ட பிறகு அந்த ஒரு அங்குலத்தின் விலை தெரியும்.

ஆகவே எகானமியைப் பொறுத்தவரை பத்துப் பேர் உட்காரும் 777 என் பட்டியலில் கடைசி. வேறு வழியில்லை, அதில்தான் போக வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. விமானத்தின் உடல் வாலை நோக்கிக் குறுகும் இடத்தில் சில நிறுவனங்கள் கடைசி இரண்டு மூன்று வரிசைகளை 2-4-2 ஆக வைத்திருக்கின்றன. கணவன் மனைவியாகப் போகிறவர்களுக்கு அந்த இரட்டை இருக்கை பெரிய நிம்மதி. கழிப்பறைக்குப் பக்கம் என்பதையும், இறங்கும்போது கடைசி ஆட்கள் நீங்கள்தான் என்பதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து 787. 2009 டிசம்பர் 15 அன்று முதன்முதலாகப் பறந்தது. 2011 அக்டோபரில் ஜப்பானின் ஆல் நிப்பான் ஏர்வேஸ் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. என்ஜின் கூட்டின் பின்விளிம்பில் ரம்பப் பல் போன்ற வெட்டுகள், நான்கே கண்ணாடிகள் கொண்ட வழவழப்பான மூக்கு, பறக்கும்போது நன்றாக மேல்நோக்கி வளையும் இறக்கை ஆகியவற்றை வைத்து எளிதில் கண்டுபிடித்துவிடலாம். எடையில் பாதி கார்பன் இழைக் கலப்புப் பொருள். அதனால் பயணிக்கு என்ன லாபம்? நிறையவே இருக்கிறது.

விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் தரையில் இருப்பது போன்றதல்ல. ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் உடல் ஊதிச் சுருங்குவதால் அலுமினிய விமானங்கள் களைத்துப்போகும். அதனால் உள்ளே அழுத்தத்தைக் குறைவாகவே வைப்பார்கள். கடல் மட்டத்திலிருந்து 8,000 அடி, ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் அழுத்தம்வரை அது இறங்கலாம். கார்பன் இழை அப்படிக் களைப்பதில்லை. 787-லும் ஏ350-லும் அந்த வரம்பு 6,000 அடி. நம் மலைகளை வைத்துச் சொன்னால், முன்னது ஊட்டிக்கும் தொட்டபெட்டாவுக்கும் நடுவில் எங்கோ உட்கார்ந்திருப்பது, பின்னது கோத்தகிரியில் உட்கார்ந்திருப்பது. ஒரு மணி நேரத்தில் எதுவும் தெரியாது. இரவு முழுக்க உட்கார்ந்து எழுந்தால் தலைவலியிலும் தொண்டை வறட்சியிலும் தெரியும். கார்பன் இழை துருப்பிடிக்காது என்பதால் காற்றில் ஈரப்பதத்தையும் கொஞ்சம் கூட்டி வைக்க முடிகிறது. 2018 மார்ச்சில் குவான்டாஸ் நிறுவனம் பெர்த்திலிருந்து லண்டனுக்கு, ஏறக்குறைய 14,500 கிலோமீட்டர், எங்கும் நிற்காத சேவையைத் தொடங்கியபோது 787-9-ஐத்தான் அனுப்பியது. பதினேழு மணி நேரப் பயணத்தில் இந்த வசதிகள் அலங்காரம் அல்ல.

787-இன் ஜன்னல் இந்த நான்கில் மிகப் பெரியது. நடு வரிசையில் உட்கார்ந்தாலும் அடிவானம் தெரியும். ஆனால் அதற்கு இழுத்து மூடும் திரை கிடையாது. பொத்தானை அழுத்தினால் கண்ணாடி நீலமாகக் கறுக்கும். அந்தப் பொத்தானுக்கு மேலே விமானப் பணியாளர்களிடம் ஒரு பெரிய பொத்தான் இருக்கிறது. அவர்கள் மொத்த விமானத்தையும் கறுக்க வைத்துவிட்டால், கிரீன்லாந்தின் பனிமலைகளுக்கு மேலே பறந்தாலும் நீங்கள் பார்ப்பது நீல நிழல்தான். தூங்க விரும்புபவருக்கோ எதிர்ப்பக்கக் குறை: முழுக்கக் கறுத்த பிறகும் நேர்ச் சூரியன் கண்ணாடி வழியே ஒரு நீல வட்டமாக முறைத்துக்கொண்டிருக்கும். ஜன்னலுக்காகவே விமானம் ஏறும் என் போன்றவர்களுக்கு இது சின்னக் குறை அல்ல.

இருக்கை விஷயத்திலும் 787 ஒரு நழுவிய வாய்ப்பு. முதலில் வரிசைக்கு எட்டுப் பேர் என்றுதான் பேச்சு. வாங்கிய நிறுவனங்கள் ஒன்பது என்றன. ஜப்பான் ஏர்லைன்ஸ் மட்டும் நெடுந்தூர 787-களில் 2-4-2 என்று எட்டுப் பேரோடு நிறுத்திக்கொண்டது. நம் கணக்கில் தலைக்கு 68 சென்டிமீட்டருக்கும் மேல். அது கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

ஏ350 பற்றிச் சொல்லச் சண்டையே இல்லை, அதனால் சுருக்கமாக முடித்துவிடலாம். 2013 ஜூன் 14 அன்று முதல் பறப்பு. 2015 ஜனவரியில் கத்தார் ஏர்வேஸ் தோகாவிலிருந்து ஃபிராங்ஃபர்ட்டுக்கு முதல் சேவை. விமானி அறைக் கண்ணாடிகளைச் சுற்றி ஒரு கறுப்புப் பட்டை, மேலே வளைந்தெழும் இறக்கை நுனி. இரண்டில் ஒன்றைக் கண்டால் போதும். இதில் இரண்டு வகை: ஏ350-900-க்கு இறக்கையடியில் இருபுறமும் நான்கு நான்கு சக்கரங்கள், நீளமான ஏ350-1000-க்கு ஆறு ஆறு. 787-இன் காற்றழுத்தம், அதைவிட அகலமான இருக்கை, அமைதியான உட்புறம், பெரும்பாலும் கையால் இறக்கும் பழைய ஜன்னல் திரை. பல நிறுவனங்கள் வாலில் பொருத்திய கேமராவின் காட்சியை இருக்கைத் திரையிலேயே காட்டுகின்றன. ஓடுபாதையில் திரும்பிப் புறப்படுவதை வால் உச்சியிலிருந்து பார்க்கலாம். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்குப் பதினெட்டு மணி நேரத்துக்கும் மேலாகப் பறக்கும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சேவைக்கும் ஏ350-900-இன் ஒரு தனி வடிவம்தான். ஒரே எச்சரிக்கை: ஃபிரெஞ்ச் பீ போன்ற மலிவுக் கட்டண நிறுவனங்கள் இதிலும் பத்துப் பேரை உட்கார வைக்கின்றன. அப்போது தலைக்கு 56 சென்டிமீட்டர், 777-ஐவிட மோசம். புல்வெளியில் நின்று பார்க்க ஏ350 அழகுதான். ஆனால் சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் இறங்கிவிடுகிறது. படமெடுப்பவனுக்கு அது ஏமாற்றம், பயணிக்கு அதுவே சிபாரிசு.

வெளியழகும் உள்வசதியும் ஒத்துப்போகும் ஒரே விதிவிலக்கு ஏ380. அழகு என்று சொன்னால் சிலர் அடிக்க வருவார்கள். நெற்றி புடைத்த அந்த முகத்தை யாரும் கவிதையில் வைக்க மாட்டார்கள். ஆனால் 79.75 மீட்டர் இறக்கை தலைக்கு மேல் போகும்போது புல்வெளியில் பேச்சு நின்றுவிடும். 80 மீட்டரைத் தாண்டினால் விமான நிலையங்களில் நிறுத்த இடமிருக்காது என்பதால் அந்த அளவோடு நிறுத்தினார்கள். மொத்தம் 22 சக்கரங்கள், நான்கு என்ஜின்கள், அதிகபட்சம் 575 டன் எடையோடு புறப்படலாம். 2007 அக்டோபர் 25 அன்று சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குப் பயணிகளோடு முதன்முதலாகப் போனது. 251 விமானங்களோடு தயாரிப்பு முடிந்துவிட்டது. கடைசி விமானத்தை 2021 டிசம்பரில் எமிரேட்ஸ் பெற்றுக்கொண்டது. பெருந்தொற்றுக் காலத்தில் ஏர் பிரான்ஸ் தன் ஏ380-களை மொத்தமாகக் கைகழுவியது. இனி இவை திரும்பாது என்று நாங்கள் எல்லோரும் அஞ்சலி செலுத்தி முடித்த பிறகு, 2023-இல் லுஃப்தான்ஸாவும் எதிஹாதும் தூசு தட்டித் திரும்பக் கொண்டுவந்தன. 2020-இல் வந்திருக்க வேண்டிய, 777-இன் புதிய வடிவமான போயிங் 777எக்ஸ் பல ஆண்டுகள் தள்ளிப்போனதற்கும் இதில் பங்குண்டு.

உள்ளே இதைவிட அமைதியான எகானமியை நான் அறியேன். மேல் தளத்தின் ஜன்னல் இருக்கைக்குப் பக்கத்தில், உடல் வளையும் இடத்தில், ஒரு பெட்டகம் இருக்கும். பையை அங்கேயே வைத்துக்கொள்ளலாம், முழங்கையையும் ஊன்றிக்கொள்ளலாம். ஆனால் எல்லா நிறுவனங்களும் மேல் தளத்தில் எகானமி வைப்பதில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் மேலே முழுவதையும் உயர் வகுப்புகளுக்கு ஒதுக்கிவிட்டது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 469 பேர் அமரும் தன் ஏ380-களை வாங்கியபோது மேல் தளத்தின் பின்பகுதியை எகானமிக்குக் கொடுத்தது. முன்பதிவுக்கு முன் இருக்கை வரைபடத்தைப் பார்ப்பது அவசியம். அந்த 469 பேரும் ஒரே நேரத்தில் இறங்கிக் குடியேற்ற வரிசையில் நிற்பார்கள் என்பதும், பெட்டிகள் வரத் தாமதமாகும் என்பதும் ஏ380-இன் கட்டணத்தில் சேர்க்கப்படாத செலவுகள்.

யாரும் படமெடுக்காத ஐந்தாவது விமானம் ஒன்றும் இருக்கிறது: ஏர்பஸ் ஏ330. 1972-இல் பறந்த ஏ300-இன் அதே உடல் அகலம். புதுமை என்று காட்ட எதுவுமில்லை. ஆனால் எகானமியில் 2-4-2, நம் கணக்கில் தலைக்கு 66 சென்டிமீட்டர். ஏ380-இன் கீழ்த் தளத்தையே தாண்டுகிறது. கொழும்பிலிருந்து லண்டனுக்கு நேரே போகும் ஸ்ரீலங்கன் சேவை இதில்தான். காற்றழுத்தம் பழைய பாணி, ஜன்னல் சாதாரணம். இருந்தாலும் இருவராகப் போகிறவர்களுக்கு ஜன்னலோர இரட்டை இருக்கை கிடைக்கும்போது, பத்துப் பேர் உட்காரும் 777-ஐவிட இதையே சொல்வேன். மர்ட்டில் அவென்யூவில் ஏ330 இறங்கும்போதுதான் எல்லோரும் தேநீர்க் குடுவையைத் திறப்பார்கள்.

பாதுகாப்பை வைத்து இவற்றுள் தேர்ந்தெடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் லண்டன் கேட்விக்குக் கிளம்பிய 787-8 விழுந்து நொறுங்கிய பிறகு அந்தக் கேள்வி இயல்பானது. 787 வகையில் உயிர்ப்பலி கொண்ட முதல் விபத்து அது. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் ஓடுபாதையில் மோதி எரிந்த ஏ350-இலிருந்து 379 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். 2010 நவம்பர் 4 அன்று என்ஜின் வெடித்த குவான்டாஸின் ஏ380 சிங்கப்பூருக்குத் திரும்பிப் பத்திரமாக இறங்கியது. இவற்றை அடுக்கி வைத்து ஒரு வகை நல்லது, இன்னொரு வகை கெட்டது என்று பயணி முடிவெடுக்க முடியாது, நான் எடுப்பதில்லை. பயணி கையில் இருப்பது இடுப்புப் பட்டை. 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன 777-300ஈஆர் காற்றுக் கொந்தளிப்பில் சிக்கி ஒருவர் இறந்து பலர் காயமடைந்தது எந்த வகை விமானத்துக்கும் பொருந்தும்.

டிக்கெட் வாங்கும்போது விமான வகையைக் கண்டுபிடிப்பது எளிது. பயண விவரத்தில் ஒரு குறியீடு இருக்கும்: 77டபிள்யூ என்றால் 777-300ஈஆர், 789 என்றால் 787-9, 359 என்றால் ஏ350-900, 351 என்றால் ஏ350-1000, 388 என்றால் ஏ380, 333 என்றால் ஏ330-300. பிறகு அந்த நிறுவனத்தின் இருக்கை வரைபடத்தைத் திறந்து ஒரு வரிசையில் எத்தனை இருக்கை என்று எண்ணுங்கள். என் வரிசை இது: மேல் தள எகானமி கிடைக்கும் ஏ380, அடுத்து ஒன்பது பேர் உட்காரும் ஏ350, பிறகு ஏ380-இன் கீழ்த் தளம், பிறகு 787, கடைசியாகப் பத்துப் பேர் உட்காரும் 777. ஒன்பது பேர் உட்காரும் 777 கிடைத்தால் அதை 787-க்கு முன்னால் வைப்பேன். இருவராகப் போனால் ஏ330-ஐயும் அங்கேயே வைப்பேன். பறக்கும் நாள் நெருங்கும்போது வேறு விமானத்தை மாற்றி அனுப்பும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு என்பதால், விமான வகைக்காக மட்டும் அதிகப் பணம் கொடுப்பதை நான் ஆதரிக்கவில்லை.

சென்னையிலிருந்து கிளம்புபவருக்கு இந்த வரிசை இன்னொரு விதத்திலும் குழம்பும். துபாய் வழியாக எமிரேட்ஸில் லண்டன் போனால் இரண்டாம் பாதியில் ஏ380 கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் முதல் பாதிக்கு வருவது, பரங்கிமலை மேலிருந்து பார்ப்பவர்களுக்குப் பழக்கமான அதே 777 தான். நடுவில் விமானம் மாற வேண்டும், வேளைகெட்ட வேளையில் விழித்திருக்க வேண்டும். இளைஞர்கள் ஏ380-ஐ அனுபவிக்க அதைச் செய்யலாம், செய்ய வேண்டும் என்றே சொல்வேன். முழங்கால் வலியுள்ள பெற்றோரைப் பேரப்பிள்ளையைப் பார்க்க அனுப்புகிறீர்கள் என்றால் மேலே சொன்ன சென்டிமீட்டர் கணக்கு முழுவதையும் மறந்துவிடுங்கள். நேரடிச் சேவை எதுவோ, எந்த விமானமோ, அதில் நடைபாதையோர இருக்கையாகப் பார்த்து, சக்கர நாற்காலி உதவியையும் டிக்கெட்டோடு சேர்த்தே கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள்.